ஓபன்ஏபிஐ கோப்பைப் பைத்தானில் பிரித்துப் படிக்க: நான் கற்ற வழி

ஏபிஐ (ஒரு சாஃப்ட்வேர் இன்னொன்றோடு பேசும் வழி) டெஸ்டிங் கற்கிறவர்கள் பெரும்பாலும், அந்த ஏபிஐயின் முகவரிகளையும் விதிகளையும் விவரிக்கும் ஓபன்ஏபிஐ கோப்பைப் போஸ்ட்மேன் என்ற டெஸ்டிங் கருவியில் இம்போர்ட் செய்வதோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் வேண்டியிருந்தது: ஒரு ஏபிஐயில் டோக்கன் (அனுமதிச் சீட்டு போன்ற குறியீடு) இல்லாமலே திறக்கும் முகவரிகள் எவை? அதற்குக் கோப்பை நாமே பைத்தானில் பிரித்தாக வேண்டும். லைப்ரரி கோப்பைத் திறந்து டிக்ஷனரியாகக் கையில் கொடுத்துவிடும். அதற்கு என்ன அர்த்தம் என்பது நம் பாடு.

முதலில் பதிப்பைப் பாருங்கள். கோப்பின் தலையில் 'ஸ்வாக்கர்: 2.0' என்று இருந்தால் அது 2014ஆம் ஆண்டு வடிவம். 2016இல் பெயர் ஓபன்ஏபிஐ ஆனது, 2017இல் 3.0 வந்தது, 2021இல் 3.1. இது வெறும் வரலாறு இல்லை. 2.0இல் 'டெஃபனிஷன்ஸ்' என்று கிடந்தவை 3.0இல் 'காம்பொனென்ட்ஸ்' உள்ளே 'ஸ்கீமாஸ்' (தரவு எந்த வடிவில் இருக்கும் என்ற விளக்கங்கள்) ஆகிவிட்டன. 'ஹோஸ்ட்', 'பேஸ்பாத்' போய் 'சர்வர்ஸ்' வந்தது. 3.1இல் 'பாத்ஸ்' (முகவரிகளின் பட்டியல்) கூடக் கட்டாயமில்லை, வெப்ஹூக் (ஏதாவது நடந்ததும் ஏபிஐயே நம்மை அழைப்பது) மட்டுமே உள்ள கோப்பும் செல்லும். ஒரு பதிப்புக்கு எழுதிய கோட் இன்னொன்றில் எர்ரர் அடித்தால்கூடப் பரவாயில்லை. சத்தமில்லாமல் காலி லிஸ்ட் தந்துவிட்டால்தான் வம்பு.

அடுத்தது யாமல். ஓபன்ஏபிஐ கோப்பை யாமல், ஜேசன் என்ற இரண்டு எழுத்து வடிவங்களில் எழுதலாம். யாமலைப் படிக்கும் பையாமல் (PyYAML) லைப்ரரி யாமல் 1.1 விதிப்படி நடப்பது. கீயாக வரும் ரெஸ்பான்ஸ் கோட் 200 மேற்கோள் குறி இல்லாமல் இருந்தால் அதற்கு எண். அதே கோப்பு ஜேசனாக இருந்தால் 200 என்பது ஸ்ட்ரிங். ஆகவே ஜேசனில் ஓடிய கோட், யாமலில் 'கீ எர்ரர்' என்று நிற்கும். நாடுகளின் குறியீட்டுப் பட்டியலில் நார்வேயின் இரண்டெழுத்து 'நோ' (NO) வந்தால், 'இல்லை' என்று படிக்கப்பட்டு அது 'ஃபால்ஸ்' ஆகிவிடும். ரெஸ்பான்ஸ் கோடை மேற்கோளுக்குள் எழுத வேண்டும் என்று ஓபன்ஏபிஐ விதியே சொல்கிறது, எழுதுகிறவர்கள் கேட்டால்தானே! திறந்த கையோடு அந்தக் கீகளை ஸ்ட்ரிங் ஆக்கிவிடுங்கள்.

'பாத்ஸ்' உள்ளே லூப் போடும்போது, ஒவ்வொரு முகவரிக்கும் கீழே கெட், போஸ்ட் போன்ற மெத்தட்கள் (கோரிக்கை வகைகள்) மட்டும்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். 'பாராமீட்டர்ஸ்', 'சர்வர்ஸ்', 'சம்மரி' எல்லாம் அதே மட்டத்தில் வரும். 3.0, 3.1 இரண்டிலும் மெத்தட்கள் 8: கெட், புட், போஸ்ட், டிலீட், ஆப்ஷன்ஸ், ஹெட், பேட்ச், ட்ரேஸ். இவற்றை மட்டும் வடிகட்டி எடுங்கள். முகவரி மட்டத்தில் உள்ள பாராமீட்டர்கள் எல்லா மெத்தடுக்கும் பொது. மெத்தடுக்குள் அதே பெயரும் அதே இடமும் (க்வெரி, ஹெடர், பாத், குக்கி) கொண்ட ஒன்று இருந்தால் அதுதான் செல்லும். பெயரை மட்டும் ஒப்பிட்டால் போதாது.

இப்போது டோக்கன் கேள்வி. கோப்பின் மேல்மட்டத்தில் பொதுவாக ஒரு 'செக்யூரிட்டி' இருக்கும். மெத்தடுக்குள் தனியாக ஒன்று இருந்தால் அது பொதுவானதை மாற்றிவிடும். லாகின் போன்ற இடங்களில் வேண்டுமென்றே காலி லிஸ்ட் [] போட்டிருப்பார்கள். 'இங்கே எதுவும் வேண்டாம்' என்று பொருள். பைத்தானிலோ காலி லிஸ்ட் பொய்மதிப்பு. 'செக்யூரிட்டி இருந்தால் அது, இல்லாவிட்டால் பொதுவானது' என்று 'ஆர்' போட்டு எழுதினால் நாம் தேடும் முகவரிகளே பட்டியலிலிருந்து விழுந்துவிடும். மதிப்பைப் பார்க்காமல், அந்தக் கீ இருக்கிறதா என்று 'இன்' வைத்துக் கேளுங்கள். லிஸ்டுக்குள் காலி ஆப்ஜெக்ட் {} ஒன்று இருந்தால் டோக்கன் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. லிஸ்டின் உருப்படிகளுக்கு இடையே 'அல்லது', ஒரே உருப்படிக்குள் இரண்டு பாதுகாப்பு முறைகள் இருந்தால் 'இரண்டும் வேண்டும்' என்று பொருள்.

மிச்சம் இருப்பது 'டாலர் ரெஃப்' ($ref). ஒரு ஸ்கீமாவை ஒரே இடத்தில் எழுதிவிட்டு மற்ற இடங்களிலிருந்து சுட்டுவது. அதைப் பின்தொடரும் ஃபங்ஷனை ஒரு தடவையாவது கையால் எழுதுங்கள் என்பேன். சில வரிகள்தான்: # குறியை விடுத்து, சாய்கோட்டில் பிரித்து, ஒவ்வொரு கீயாக இறங்குவது. பெயருக்குள்ளேயே சாய்கோடு இருந்தால் அது ~1 என்றும், ~ குறி ~0 என்றும் எழுதப்பட்டிருக்கும். முதலில் ~1, பிறகு ~0 என்ற வரிசையில் மாற்றுங்கள். தலைகீழாகச் செய்தால் ~01 என்பது ~1 ஆக நிற்காமல் சாய்கோடாகிவிடும்.

எல்லா ரெஃப்களையும் ஒரே அடியாக விரித்துத் தரும் லைப்ரரிகள் உண்டு. பெட்ஸ்டோர் என்ற சிறிய மாதிரிக் கோப்புக்கு அது சுகம். ஆனால் கமெண்டுக்குள் ரிப்ளை, ரிப்ளையும் ஒரு கமெண்ட் என்று ஸ்கீமா தன்னையே சுட்டினால் விரிப்பதற்கு முடிவே இல்லை. சுற்று இல்லாவிட்டாலும், கிட்ஹப் தன் ரெஸ்ட் ஏபிஐக்கு வெளியிடும் கோப்பைப் போன்ற பெரியவற்றில் ஒரே ஸ்கீமா எண்ணற்ற இடங்களில் நகலாகி மெமரியைத் தின்னும். நான் விரிப்பதே இல்லை. தேவைப்படும் இடத்தில் மட்டும் ரெஃப்பைத் தொடர்ந்து, வந்த வழியை ஒரு செட்டில் குறித்து வைத்து, அதே ரெஃப் மறுபடி வந்தால் நிறுத்திவிடுகிறேன்.

யாரோ அனுப்பிய கோப்பாக இருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள். ரெஃப் வெளியிலுள்ள யூஆர்எல்லையும் சுட்டலாம். அதைத் தேடிப்போய் எடுத்துவரும் வசதி லைப்ரரியில் இருந்தால் முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள். உங்கள் ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் இருக்கும் முகவரியை அந்தக் கோப்பு கேட்டாலும் உங்கள் கோட் போய்த் தட்டும்.