தரையில் இருக்கும் நாட்கள்

2024 ஜனவரி 9, செவ்வாய்

இன்றும் காது திறக்கவில்லை.

ஜனவரி 11, வியாழன்

மருத்துவர் தட்டினால் ஒலிக்கும் இரு கிளை உலோகக் கருவியான இசைக்கவையைத் தட்டி என் நடு நெற்றியில் வைத்தார். ஒலி எந்தப் பக்கம் கேட்கிறது என்று அவர் கேட்டபோது, அடைத்துக்கொண்டிருக்கும் இடது பக்கம்தான் பெரிதாகக் கேட்கிறது என்றேன். நரம்பில் பழுது இருந்தால் ஒலி நல்ல காதின் பக்கம் போயிருக்கும் என்றும், அடைப்பு நடுச்செவியோடு நின்றிருப்பதால் கவலை வேண்டாம் என்றும் அவர் சொன்னார். உயரத்தில் பறக்கும் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்கு ஈடானது. இறங்கும்போது அழுத்தம் ஏற ஏற, மூக்கின் பின்புறத்திலிருந்து செவிக்குப் போகும் குழாய் திறந்து காற்றை உள்ளே விட வேண்டும். சளியால் அது வீங்கிக் கிடந்தால் செவிப்பறை உள்ளே இழுபட்டு நின்றுவிடுகிறது. அடுத்த பரிசோதனை வரை விமானப் பணிப்பெண்ணான நான் பறக்கக் கூடாது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம், ஒருமுறை எங்கள் விமானத்தில் வந்த அந்தப் பாடகியம்மாவின் நினைவாகவே இருந்தது.

ஜனவரி 12, வெள்ளி

செந்தூலிலிருந்து சின்னம்மா பார்க்க வந்தார். காதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வழக்கமான கேள்விக்கு வந்தார். 2016இல் ஏர் ஏசியா தன் விமானம் ஒன்றின் மேலேயே ரஜினிகாந்தின் படத்தைத் தீட்டிப் பறக்கவிட்டதிலிருந்து, விமானத்தில் வேலை செய்யும் எல்லோருக்கும் அவரோடு பழக்கம் இருக்கும் என்பது சின்னம்மாவின் நம்பிக்கை. நடிகை மிஷல் யோ ஏறியிருக்கிறாரா, பூப்பந்து வீரர் லீ சோங் வெய் என்ன சாப்பிட்டார், ஸ்குவாஷ் ஆடும் நம் பினாங்குப் பிள்ளை நிக்கோல் டேவிட் பேசுவாரா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். யார் ஏறினார்கள், யார் ஏறவில்லை என்று நான் எதையும் சொல்வதில்லை. இந்தக் குறிப்பேட்டிலும் பெயர் எழுத மாட்டேன். புகழ் பெற்றவர் தெருவிலோ மண்டபத்திலோ இருந்தால், வேண்டாதபோது எழுந்து போய்விடலாம். விமானத்தில் அவரால் எங்கும் போக முடியாது. அவர் எந்த மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார், யாரை நினைத்து அழுகிறார், உறக்கத்தில் எப்படி இருக்கிறார் என்பதெல்லாம் எங்கள் கண்ணில் படுகிறது. அவர் அனுமதித்து நாங்கள் பார்த்தவை அல்ல அவை.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். பால் பொங்கியபோது எழுந்த குரல் எனக்கு ஒரு பக்கமாகவே கேட்டது.

ஜனவரி 17, புதன்

சென்னையில் மார்கழிக் கச்சேரிகள் முடிந்துவிட்டன. சபாக்களின் பட்டியல்களை இணையத்தில் எடுத்து மறுபடியும் பார்த்தேன். பாடகியம்மாவின் பெயர் எதிலும் இல்லை.

அவர் வந்தது சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு இரவில் கிளம்பும் விமானம். ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். மறுநாள் மாலை இங்கே கச்சேரி. கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துணி, மடியில் ஒரு சிறு குறிப்புத்தாள் கட்டு, கையில் பென்சில். நான் வணக்கம் சொன்னதும் புன்னகைத்துவிட்டு எழுதிக் காட்டினார்: "வெந்நீர் வேண்டும். பொறுக்கும் சூடு போதும். பேசாமல் இருக்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம்." விமானத்துக்குள் ஈரப்பதம் பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும், தொண்டையை நம்பி வாழ்கிறவர் அதில் பேச்சுக் கொடுப்பது குரலைக் காயப்போடுவதற்குச் சமம். தலைக்கு மேலிருந்த காற்றுக் குமிழை நான் திருகி மூடியபோது கைகூப்பினார்.

விளக்கை மங்கலாக்கும் வரை ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். படம் எடுத்துக்கொள்ள எழுந்து நின்றார், யாரையும் திருப்பி அனுப்பவில்லை, வாயையும் திறக்கவில்லை. பாட்டு வகுப்புக்குப் போகும் ஒரு சிறுமி வந்து, ஒரே ஒரு வரி பாடுங்கள் என்று கேட்டுவிட்டாள். சிறுமியின் தாய் சங்கடத்தில் நெளிய, அம்மா அந்தக் குழந்தையின் உள்ளங்கையைத் தன் மடிமேல் விரித்து வைத்து ஆதி தாளம் போட்டார்: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டி வீச்சு, தட்டி வீச்சு. இரண்டாம் ஆவர்த்தனத்தில், அதாவது தாளத்தின் இரண்டாம் சுற்றில், குழந்தையே மெல்லிய குரலில் கீதம் ஒன்றைப் பாடத் தொடங்கினாள். முழுவதும் முடியும் வரை அவர் கையை எடுக்கவில்லை. என் பணிக்காலத்தில் நான் கேட்ட கச்சேரிகளில் அதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

விமானம் இறங்கத் தொடங்கியதும் அந்த வெந்நீரை மிடறு மிடறாக, மிகச் சிறிய இடைவெளி விட்டு விழுங்கிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு விழுங்கலிலும் காதுக்குழாய் ஒரு கணம் திறக்கும். முன் வரிசையில் ஒரு கைக்குழந்தை வீறிட்டபோது என்னை அழைத்து, "பால் கொடுக்கச் சொல்லுங்கள், காது வலிக்கிறது அதற்கு" என்று எழுதினார். கோப்பையை அவரிடமிருந்து வாங்கியபோது, "உங்கள் காதையும் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா, தினமும் ஏறி இறங்குகிறீர்கள்" என்று அடுத்த தாளில் எழுதியிருந்தது.

என்னிடம் அப்படிச் சொன்ன பயணி வேறு யாரும் இல்லை. அவருக்கு உடம்புக்கு என்ன?

ஜனவரி 19, வெள்ளி

சில பெயர்களை நாங்கள் பட்டத்தோடு பிழையில்லாமல் சொல்ல வேண்டும்: டத்தோ, டத்தோஸ்ரீ, டான் ஸ்ரீ, துன்; அவர்கள் துணைவியர் என்றால் டத்தின், புவான் ஸ்ரீ, தோ புவான். 2018 மே 9 மலேசியத் தேர்தலில், 1957 முதல் ஆண்டுவந்த கூட்டணி தோற்றது. அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு, அதுவரை வழியனுப்ப ஒரு கூட்டமே வரும் ஒருவர், தனியாகப் பெட்டியை இழுத்துக்கொண்டு பின்வரிசைக்கு வந்தார். பக்கத்து இருக்கைக்காரர் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. நான் அவரை டத்தோஸ்ரீ என்றே அழைத்தேன். முன்பு எப்படி நன்றி சொன்னாரோ அப்படியே சொன்னார், என் ஊரை நினைவு வைத்துக் கேட்டார். அவர் அரசியலைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. மரியாதை தெரிந்தவர் என்பதில் ஐயம் இல்லை.

ஜனவரி 20, சனி

உறங்கிக்கொண்டிருக்கும் ஒரு நடிகரின் படத்தை யாரோ எங்கள் குழுவில் போட்டிருந்தார்கள்; உடனே நீக்கச் சொல்லி எழுதிவிட்டு, கோபம் தணியாமல் கைப்பேசியை அணைத்து வைத்தேன்.

ஜனவரி 23, செவ்வாய்

1873இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் இன்றிரவு பத்துமலைக்குக் கிளம்புகிறது. ஜாலான் ஈப்போ ஓரம் அக்காவோடு போய் நிற்கப் போகிறேன்.

தவில் வித்துவான் ஐயா ஒருவர் தைப்பூசத்துக்காக இங்கே வந்தபோது விமானத்தில் நான் கவனிக்கும் பகுதியில்தான் அமர்ந்திருந்தார். வலக்கை விரல்களில் மாட்டும் கூடுகளை, துணியும் பசையுமாகச் சுற்றிக் காயவைத்தவை, ஒரு சிறு எவர்சில்வர் டப்பாவில் வைத்துச் சட்டைப் பைக்குள் போட்டிருந்தார். காப்பிக் கோப்பையை இடக்கையாலேயே வாங்கினார். "ஏம்மா, கீழே தவிலுக்கு மூச்சு முட்டாதே?" என்று கேட்டார். பலா மரமும் தோலுமான அந்தக் கருவி சரக்கறையில் இருந்தது. தலைமை விமானியிடம் கேட்டு வந்து, நாம் இருக்கும் இடத்தைப் போலவே சரக்கறைக்கும் அழுத்தம் உண்டு ஐயா என்றேன். அதன் பிறகுதான் கண்ணை மூடினார்.

இரவு, வெகுநேரம் கழித்து: ரதத்துக்கு முன்னால் தவில் வந்தபோது வலக்காதை விரலால் பொத்திக்கொண்டு இடக்காதால் கேட்டுப் பார்த்தேன். விரல்கள் விழும் வலப்பக்கமான வலந்தலை கேட்கவில்லை. குச்சி விழும் பக்கம் மட்டும் கேட்டது. நாகசுரம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது.

ஜனவரி 26, வெள்ளி

காலையில் கொட்டாவி விட்டபோது இடது காதில் சட்டென்று ஒரு வெடிப்பு. மூடியது, மறுபடி திறந்தது. என் அம்மாவை அழைத்து, மெதுவாகப் பேசச் சொன்னேன்.

மின்னல் எஃப்எம் வானொலியில் பாடகியம்மாவின் பழைய பாட்டைப் போட்டார்கள். அறிவிப்பாளர் அவர் பெயரை நிகழ்காலத்தில்தான் சொன்னார். அதை ஒரு செய்தியாகவே எடுத்துக்கொண்டேன்.

செவிப்பரிசோதனை திங்கட்கிழமை. தேறினால் சென்னை இரவு விமானத்தில் போடும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.