லினக்ஸ் பெட்டி எழுந்ததும் திரையும் தானாக எழ

கரண்ட் போய்த் திரும்பி வந்ததும், யாரும் கை வைக்காமலே குரோமியம் பிரவுசர் திறந்து திரை முழுக்க டோக்கன் எண் காட்ட வேண்டும். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் இந்த வேலைக்குப் பலரும் முதலில் போவது, வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானின் பட்டியலான கிரான்டேபுக்கு: பூட் ஆனதும் ஓட்டு என்று சொல்லும் அட் ரீபூட் என்று ஒரு வரி. இல்லாவிட்டால் பூட் ஆகும்போது ஓடும் ஆர்சி டாட் லோக்கல் ஸ்கிரிப்ட். இரண்டும் பின்னணி வேலைக்குச் சரி, ஜன்னல் திறக்கிற புரோகிராமுக்கு உதவாது.

கிரான் அந்த வரியை ஓட்டும்போது ஜன்னல்களைத் திரையில் காட்டும் எக்ஸ் சர்வரோ வேலண்ட் கம்போசிட்டரோ பெரும்பாலும் எழுந்தே இருக்காது. எழுந்திருந்தாலும் எந்தத் திரை, எந்த சாக்கெட் என்று சொல்லும் என்விரான்மென்ட் வேரியபிள்கள் கிரானிடம் இல்லை. ஆர்சி லோக்கல் எல்லா உரிமையும் உள்ள ரூட் யூசராக ஓடுகிறது. ரூட்டாக ஓட்டினால் குரோமியம் தன் பாதுகாப்பு வேலியான சாண்ட்பாக்ஸைக் காரணம் காட்டி நின்றுவிடும். ஸ்லீப் 30 போட்டு 30 நொடி காக்கவைத்து, டிஸ்ப்ளே எண்ணைக் கையால் ஏற்றி ஒப்பேற்றுகிறவர்கள் உண்டு. எஸ்டி கார்டு மந்தமான ஒருநாள் அது காலை வாரும்.

புரோகிராம் தொடங்க வேண்டிய இடம் பூட் அல்ல, லாகின் ஆன டெஸ்க்டாப் செஷன். ஆகவே முதலில் ஆட்டோலாகின், அதாவது பாஸ்வேர்டு கேட்காமல் தானாக உள்ளே போவது. ராஸ்பெர்ரி பையில் ராஸ்பி கான்ஃபிக் என்ற கருவியில் சிஸ்டம் ஆப்ஷன்ஸ் வழியாகப் போனால் இருக்கிறது. லாகின் திரை காட்டும் லைட்டிஎம் உள்ள மற்ற கணினிகளில் அதன் கான்ஃப் கோப்பில் சீட் பகுதிக்குள் ஆட்டோலாகின் யூசர் வரி. வரியை முடக்கி வைத்தபடி முன்னால் இருக்கும் ஹாஷை (#) எடுக்காமல் பெயரை மட்டும் எழுதிவிட்டு முழிப்பது வாடிக்கை.

அடுத்து, உங்கள் ஹோம் டைரக்டரியில் டாட் கான்ஃபிக், அதற்குள் ஆட்டோஸ்டார்ட் டைரக்டரி. அதில் டாட் டெஸ்க்டாப் என்று முடியும் ஒரு கோப்பு. டெஸ்க்டாப் என்ட்ரி என்ற தலைப்பு சதுர அடைப்புக்குள். கீழே டைப் அப்ளிகேஷன், நேம், எக்ஸெக். இதில் சறுக்குவது, ஓட்ட வேண்டிய கட்டளையைச் சொல்லும் எக்ஸெக்தான். டெர்மினலில் கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல் அந்த வரியைப் படிப்பதில்லை. டில்டா (~) ஹோம் பாதையாக விரியாது, ஆம்பர்சண்ட் (&) வேலை செய்யாது, பைப்பும் (|) அப்படியே. முழுப் பாதையோடு ஒரு ஸ்கிரிப்டைக் கூப்பிட்டு, மற்றதை அதற்குள் வைப்பதே நிம்மதி. ஸ்கிரிப்டுக்கு எக்ஸிக்யூட் பர்மிஷன் கொடுத்தாயிற்றா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகள் பழைய டெஸ்க்டாப்பைத் தொடங்கிவந்த எல்எக்ஸ்செஷனின் ஆட்டோஸ்டார்ட் கோப்பைத் திருத்தச் சொல்லும். 2023 அக்டோபரில் ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் புக்வோர்ம் பதிப்பு வந்து, பை 4, 5 மாடல்களில் டெஸ்க்டாப் வேலண்டுக்கு மாறியதிலிருந்து அங்கே அந்தக் கோப்பை யாரும் சீண்டுவதில்லை. வேலண்ட் கம்போசிட்டராக முதலில் வேஃபயர், 2024-இல் லேப்டபிள்யூசி. பிந்தையதற்கு டாட் கான்ஃபிக்கில் லேப்டபிள்யூசி, அதற்குள் ஆட்டோஸ்டார்ட் கோப்பு. இது ஷெல் ஸ்கிரிப்ட். அடுத்த வரி காத்திருக்காமல் ஓட, வரிக் கடைசியில் ஆம்பர்சண்ட் இங்கே வேண்டும்.

ஓடும் புரோகிராம் விழுந்தால் திரும்ப எழுப்ப இவை எதுவும் உதவாது. அதற்கு, லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் யூசர் சர்வீஸ்: ரீஸ்டார்ட் ஆல்வேஸ், ரீஸ்டார்ட் செக் 5 (5 நொடி கழித்து எழுப்பு). எதோடு சேர்ந்து தொடங்க வேண்டும் என்று சொல்லும் வான்டட்பை வரியில் கிராஃபிகல் டார்கெட் என்று எழுதிவிடாதீர்கள், அது சிஸ்டம் பக்கத்தது. யூசர் பக்கத்தில் இருப்பது கிராஃபிகல் செஷன் டார்கெட். க்னோம், கேடிஈ ஆகிய டெஸ்க்டாப்கள் அதைத் தாங்களே எழுப்பும். சின்ன கம்போசிட்டர்கள் பல எழுப்பாது. சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் யூசர் கொடியோடு, அந்த டார்கெட் எழுந்திருக்கிறதா என்று இஸ் ஆக்டிவ் கேட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

குரோமியத்துக்கே உரிய தொல்லைகள் தனி. வைஃபை இணைவதற்குள் திறந்துவிட்டால் பிழைப் பக்கம்தான் திரையில் இருக்கும். ஸ்கிரிப்டில் கர்ல் கட்டளை கொண்டு முகவரி பதில் தரும்வரை 2 நொடிக்கு ஒருமுறை தட்டிவிட்டு அப்புறம் திறக்கலாம். ஆட்டோலாகினில், பாஸ்வேர்டுகளைச் சேமிக்கும் கீரிங் பூட்டியே இருப்பதால் பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி குறுக்கே வரும். பாஸ்வேர்டு ஸ்டோர் கொடிக்கு பேசிக் என்று கொடுத்தால் வராது. ஒரே எஸ்டி கார்டை நாலு பெட்டிக்கு நகலெடுத்து, கணினியின் பெயரான ஹோஸ்ட்நேமை மாற்றினால், புரொஃபைல் வேறு கணினியில் திறந்திருக்கிறது என்று அடம்பிடிக்கும். புரொஃபைல் டைரக்டரியில் சிங்கிள்டன் என்று தொடங்கும் மூன்று கோப்புகளையும் அழித்துவிட்டு ஓட்டுங்கள், திறந்துகொள்ளும்.