கருவின் தலையை அளக்கும் புரோகிராமிடம் நான் எதிர்பார்ப்பது

ஸ்கேன் திரையில் தெரியும் கருவின் படத்தைப் பலரும் ஒரு போட்டோ மாதிரிதான் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் படம் திரைக்கு வருவதற்குள் கருவிக்குள் எவ்வளவு கணக்கு நடந்து முடிகிறது என்பது வெளியே தெரிவதில்லை. வயிற்றின் மேல் வைக்கும் புரோப் அனுப்பிய ஒலி திசுக்களில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரமானது என்பதைத்தான் கருவி பார்க்கிறது. மென்திசுவில் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் வேகத்தில் போகும் என்று வைத்துக்கொண்டு அந்த நேரத்தைத் தூரமாக மாற்றுகிறது, 1 செ.மீ. ஆழத்துக்குப் போய்வர சுமார் 13 மைக்ரோ நொடி. பலமான எதிரொலிக்கும் பலவீனமான எதிரொலிக்கும் இடையே ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம் இருப்பதால், அதை மடக்கைக் கணக்கில் சுருக்கினால்தான் திரையின் சாம்பல் நிறங்களுக்குள் அடங்கும். ஆக, நாம் படத்தைக் கையில் வாங்கும்போதே அது பாதி சமைத்த படம்.

நான் வேலை செய்வது இதற்கு அடுத்த கட்டத்தில். ஒரு படத்தைக் கொடுத்தால் கருவின் தலைச் சுற்றளவு எத்தனை மில்லிமீட்டர் என்று தானாகச் சொல்லும் புரோகிராம். கேட்க எளிதாக இருக்கும். தலை குறுக்குவெட்டில் நீள்வட்டமாகத் தெரியும், ஓரத்தைக் கண்டுபிடி, நீள்வட்டத்தைப் பொருத்து, சுற்றளவைக் கணக்கிடு, அவ்வளவுதானே? அந்தக் கடைசிப் படி மட்டும் உண்மையிலேயே எளிது. நீள்வட்டத்தின் சுற்றளவுக்கு வட்டத்துக்கு இருப்பது போல நேரான சூத்திரம் கிடையாது. ராமானுஜன் 1914இல் கொடுத்த தோராயச் சூத்திரத்தைத்தான் இன்றும் பல நிரல்களில் இரண்டு வரியாக எழுதி வைத்திருக்கிறோம். தலை அளவிலான நீள்வட்டத்துக்கு அதில் வரும் பிழை ஒரு பொருட்டே இல்லை. கஷ்டமெல்லாம் அதற்கு முந்தைய படிகளில்தான்.

முதலில் ஸ்பெக்கிள். படம் முழுக்க உப்பு தூவியது போலத் தெரியும் அந்தப் புள்ளிகளைப் புதிதாக வருபவர்கள் மின்சுற்றின் இரைச்சல் என்று நினைத்து, கண்ணில் பட்ட ஃபில்டரை எல்லாம் போட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிடுவார்கள். ஸ்பெக்கிள் அப்படி வருவதில்லை. 3.5 மெகாஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் சுமார் 0.44 மி.மீ.; அதைவிடச் சிறிய கோடிக்கணக்கான துகள்களிலிருந்து சிதறி வரும் எதிரொலிகள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் உண்டாக்கும் கோலம் அது. புரோப்பையும் கருவையும் அசையாமல் வைத்து மறுபடி எடுத்தால் அதே புள்ளிகள் அதே இடத்தில் வரும், அதனால் பல படங்களைச் சராசரி எடுத்தாலும் போகாது. இதைக் குறைக்க மீடியன் ஃபில்டர், லீ ஃபில்டர், 2002இல் யூவும் ஆக்டனும் முன்வைத்த ஸ்பெக்கிளுக்கான திசைசார் பரவல் முறை என்று ஒரு பெரிய வரிசையே இருக்கிறது. இவை விளிம்பைக் கூடியமட்டும் காப்பாற்றிக்கொண்டு நடுவில் இருப்பதை மழுப்பும். படம் அழகாகிவிடும். ஆனால் கருவின் கழுத்துக்குப் பின்னால் 11 முதல் 14 வாரத்துக்குள் அளக்கும் அந்த மெல்லிய நீர்ப்படலத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 3.5 மி.மீ.க்கு மேல் போனால் மேற்கொண்டு சோதனைகள் பற்றிப் பேச்சு வரும், அளவையே 0.1 மி.மீ. நுணுக்கத்தில் எழுதுகிறார்கள். அங்கே ஃபில்டர் இரண்டு கோடுகளையும் கொஞ்சம் தடிமனாக்கிவிட்டால் நடுவில் உள்ள இடைவெளி சுருங்கிவிடும். பார்க்க நன்றாக இருக்கும் படம் வேறு, அளக்கத் தகுந்த படம் வேறு என்பதை இந்தத் துறைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்பது என் பிடிவாதமான கருத்து.

அப்புறம் மண்டையோட்டின் பக்கவாட்டுச் சுவர்கள். ஒலிக்கற்றைக்குக் குறுக்கே நிற்கும் எலும்பு பளிச்சென்று வெள்ளைக் கோடாகத் தெரியும், கற்றையோடு சேர்ந்தே போகும் பகுதியிலிருந்து எதிரொலி புரோப்புக்குத் திரும்பாது. அதனால் நீள்வட்டத்தின் இரண்டு பக்கமும் பல படங்களில் காணாமலே போயிருக்கும். வட்டம், நீள்வட்டம் போன்ற வடிவங்களைப் படத்தில் தேடும் பழைய ஹஃப் உருமாற்ற முறைகள் இருக்கிற வில்களை வைத்து மீதியை ஊகித்தன. 2015இல் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்திலிருந்து யூ-நெட் என்ற, படத்தில் வேண்டிய பகுதியைப் பிரித்துக் காட்டக் கற்றுக்கொள்ளும் நரம்பு வலைப்பின்னல் வந்த பிறகு வேலை வெகுவாக மாறியது. விட்டுப்போன இடத்தையும் வடிவத்தை வைத்து நிரப்ப அது கற்றுக்கொள்கிறது. நெதர்லாந்தின் ராட்பவுட் குழு 2018இல் வெளியிட்ட எச்சி18 தொகுப்பில் 551 பெண்களிடமிருந்து எடுத்த 1334 படங்கள் இருக்கின்றன, அதில் 999 பயிற்சிக்கு. கற்றுக்கொள்ள விரும்புபவர்களுக்கு நல்ல தொடக்கம்.

அதில் கை வைக்கும்போது இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, படத்துக்குப் படம் பிக்சலின் அளவு மாறும். அந்தத் தொகுப்பிலேயே 0.052 மி.மீ. முதல் 0.326 மி.மீ. வரை இருக்கிறது. எல்லாவற்றையும் 256க்கு 256 என்று சதுரமாக அமுக்கிவிட்டு, முடிவில் நீள அகலங்களைத் தனித்தனியாகப் பழைய அளவுக்கு விரிக்காமல் விட்டால், டைஸ் மதிப்பெண் (புரோகிராம் குறித்த பகுதியும் மனிதர் குறித்த பகுதியும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) 97 சதவீதம் வந்தும் மில்லிமீட்டர் கணக்கு தப்பாக இருக்கும். இரண்டு, பயிற்சிப் படங்களைப் பெருக்குவதற்காகத் தலைகீழாகப் புரட்டுவது. பூனைப் படத்துக்கே அது சந்தேகம். இங்கே அது இயற்பியலுக்கே விரோதம், ஏனென்றால் எலும்பின் நிழல் எப்போதும் புரோப்பிலிருந்து விலகித்தான் விழும். இடம் வலம் மாற்றுவதில் தலை அளவுக்குத் தொந்தரவில்லை. இதயப் படத்தில் அதையும் செய்யக்கூடாது, இதயம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே அங்கே ஒரு கேள்வி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனைச் சேமிப்பிலிருந்து வரும் படங்கள் பலவற்றில் அளந்தவர் அளவின் இரு முனைகளிலும் வைத்த காலிப்பர் குறிகள் படத்தோடு படமாகப் பதிந்திருக்கும். அவற்றை நீக்காமல் பயிற்சி கொடுத்தால் வலைப்பின்னல் மண்டையோட்டைத் தேடாது, அந்தக் கூட்டல் குறிகளைத் தேடும். பரிசோதனையில் பிரமாதமான மதிப்பெண், நேரடி ஸ்கேனில் ஒன்றும் வராது.

சரி, இவ்வளவும் சரியாகச் செய்தாலும் எனக்கு நிறைவு தராத இடம் ஒன்று உண்டு. தலைச் சுற்றளவை நினைத்த வெட்டிலெல்லாம் அளந்துவிட முடியாது. நடுக்கோடு தெரிய வேண்டும், அதன் இருபுறமும் மூளையின் நடுப்பகுதியான தலாமஸ் தெரிய வேண்டும், முன்பக்கம் கேவம் என்கிற சிறு நீர்ப்பெட்டி தெரிய வேண்டும், சிறுமூளை தெரியவே கூடாது. தெரிந்தால் புரோப் சாய்ந்திருக்கிறது. சாய்ந்த வெட்டிலும் நீள்வட்டம் இருக்கும், புரோகிராம் அதையும் அச்சுப் பிசகாமல் அளந்து கொடுத்துவிடும். தப்பான வெட்டில் சரியான அளவு! 20 வாரத்தில் தலைச் சுற்றளவு சுமார் 175 மி.மீ.; அப்போது வாரத்துக்கு 1 செ.மீ. அளவில் வளர்கிறது. 1 செ.மீ. பிழை என்றால் ஒரு வாரம் முன்னே பின்னே. 36 வாரத்தில் வளர்ச்சி அதில் பாதியாகிவிடும், அதே பிழை இரண்டு வாரமாகிறது. அந்த எண் ஹேட்லாக் சூத்திரத்துக்குள் போய் எடை மதிப்பீடாக வெளியே வருகிறது, அதுவும் 10 முதல் 15 சதவீதம் வரை மாறக்கூடிய மதிப்பீடு. குழந்தை வளரவில்லை என்று ஒரு தாய் பல வாரம் கவலைப்படுவதற்கும், உண்மையிலேயே வளராத குழந்தை கவனிப்பில்லாமல் போவதற்கும் இது காரணமாகலாம்.

அதனால் நான் முதலில் கேட்பது அளவை இல்லை. "இந்தப் படத்தில் அளக்க முடியாது, சிறுமூளை தெரிகிறது, புரோப்பைக் கொஞ்சம் திருப்புங்கள்" என்று புரோகிராம் சொல்ல வேண்டும். செய்ய முடியாத காரியம் இல்லை. 2017இல் வந்த சோனோநெட் என்ற வலைப்பின்னல் ஓடும் வீடியோவிலேயே 13 நிலையான வெட்டுகளை அடையாளம் கண்டது. வட கரோலினாவிலும் ஜாம்பியாவிலும் சேகரித்த ஸ்கேன்களை வைத்து 2022இல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது: வெட்டே தேடாமல் வயிற்றின் மேல் புரோப்பை இழுத்துக்கொண்டு போன வீடியோவிலிருந்தே கர்ப்ப வாரத்தைக் கணித்தது. 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேனாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இலேயே சொல்லிவிட்டது, எடுக்கத்தான் பல இடங்களில் ஆளில்லை. அனுபவமுள்ள சோனோகிராபர் பக்கத்தில் இருந்தால் தப்பான வெட்டைப் பார்த்ததும் புரோப்பைத் திருப்பிவிடுவார். இந்தக் கருவி முக்கியமாகப் போய்ச் சேர வேண்டியது அப்படி ஒருவர் இல்லாத இடத்துக்கு.

நாங்கள் இப்போது செய்துகொண்டிருப்பது இதுதான்: எண்ணோடு கூடவே எத்தனை மி.மீ. கூடக் குறைய இருக்கலாம் என்பதையும் காட்டுவது, வெட்டு தேறவில்லை என்றால் எண்ணே தராமல் காரணத்தை மட்டும் எழுதுவது, பொருத்திய நீள்வட்டத்தைப் படத்தின் மேலேயே வரைந்து ஸ்கேன் செய்பவர் விரலால் இழுத்து மாற்ற விடுவது. மாற்றியதை எல்லாம் சேமித்து, எந்த மாதிரிப் படங்களில் அதிகம் மாற்றுகிறார்கள் என்று பார்க்கிறோம். இதுவரை பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதப் படங்கள், தலை இடுப்பெலும்புக்குள் இறங்கிய பிறகு எடுத்தவை.