ரேம்ப் இருக்கு சார்!

வீல்சேர் ஏறுற சரிவுப் பாதை இருக்குன்னு தியேட்டர்காரங்க போன்ல சொன்ன இந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும், சித்தப்பா ஞாயித்துக்கிழமை மேட்னிக்கு வீல்சேர்ல இருக்கிற அப்பத்தாவுக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுட்டாரு. பஸ் ஸ்டாண்டு பின்னாடி இருக்கிற அதே ரெட்டைத் தியேட்டர்தான்.

ரேம்ப் இருந்துச்சு. அது மேல ஏழெட்டு பைக்கும் இருந்துச்சு. வாட்ச்மேனைத் தேடிப்பிடிச்சு எல்லாத்தையும் எடுக்க வச்சுப் பார்த்தா, மூணு படிக்கு ஆறே அடி ரேம்ப்! 1 அங்குலம் ஏற 12 அங்குலம் ஓடணும்கிறது கணக்கு. படி 6 அங்குலம்னா மூணுக்கும் 18. அப்ப ரேம்ப் 18 அடி வேணும். 6 அடியில முடிச்சா அதுக்குப் பேரு சறுக்குமரம். வீல்சேர்ல கால் வைக்கிற பலகை சரிவு தொடங்குற இடத்துலயே முட்டி நின்னுரும். பலகையை மடக்கி, அப்பத்தா காலைப் பிடிக்க ஒரு ஆளு, பின்னாலருந்து தள்ள ரெண்டு ஆளு. முறுக்குப் பையை மட்டும் அப்பத்தா யார்கிட்டயும் குடுக்கல.

அடுத்து கதவு. ரெட்டைக் கதவுல ஒரு பக்கம்தான் திறப்பாங்க, 24 அங்குலம். சேரோட அகலம் 25. அந்த ஒரு அங்குலத்துக்காக இன்னொரு கதவோட மேல் தாழ்ப்பாளைத் திறக்கணும். அது மேல நாலு தீபாவளி பெயின்ட். ஸ்டூல் வந்துச்சு, சுத்தியல் வந்துச்சு, சோடா விக்கிறவரு யோசனை சொல்ல வந்தாரு. உள்ள படம் ஓடிக்கிட்டிருந்துச்சு.

சித்தப்பா சும்மா இருப்பாரா? மெட்ராஸ்ல தேவி பாரடைஸ்ல சுத்திச்சுத்தி மேல ஏறுற சரிவுப் பாதையப் பத்தி ஆரம்பிச்சு, 1964-ல மவுண்ட் ரோட்ல வந்த சஃபையர் வளாகத்துக்குப் போயிட்டாரு. மூணு தியேட்டர் ஒரே வளாகத்துல. அதுல ப்ளூ டைமண்ட்ல அப்பல்லாம் தொடர் காட்சி. எப்ப வேணா உள்ள போலாம், விட்ட பாகம் மறுபடி வந்ததும் எந்திரிச்சு வந்துரலாம். "அதுல்ல தியேட்டரு!"ன்னு அவரு முடிக்கவும் தாழ்ப்பாள் விழவும் சரியா இருந்துச்சு.

உள்ள நடைபாதை திரையைப் பார்த்துச் சரிவு. சரிவுல வீல்சேரைப் பின்பக்கமாத்தான் இறக்கணும், இல்லேன்னா ஆளு முன்னால சரிஞ்சுருவாங்க. அதனால மொத்த ஜனத்தையும் பார்த்துக் கும்பிட்டுக்கிட்டே அப்பத்தா முன்வரிசைக்குப் போச்சு. சேர் நிக்க அங்கதான் இடம். ரெண்டு சக்கரத்துக்கும் பிரேக் போட்டு, கழுத்துக்குப் பின்னால துண்டைச் சுருட்டி வச்சாச்சு. கதாநாயகனுக்குக் கடைவாய்ப்பல்லு சொத்தைன்னு அப்பத்தா சொல்லித்தான் எல்லாருக்கும் தெரியும்.

படம் முடிஞ்சது. வெளிய போற வழி திரைக்குப் பக்கத்துல, அங்க நாலு படி, ரேம்ப் கிடையாது. வந்த வழியே ஏறலாம்னா அடுத்த ஷோ கூட்டம் இறங்குது. "கூட்டம் உக்காரட்டும்ப்பா, அப்புறம் போவோம்"னுச்சு அப்பத்தா. கூட்டம் உக்கார்ந்துச்சு, விளக்கும் அணைஞ்சிருச்சு.

டார்ச்சோட ஒரு பையன் வந்தான். "பாட்டி, இந்த ஷோவுக்கு சீட்டு வாங்கலையே?"

"போன ஷோவுக்குக் காசு வாங்கிட்டு நீங்க எங்கப்பா சீட்டு குடுத்தீங்க? நான் என் நாற்காலியிலதான உக்காந்திருக்கேன்."

பையன் மேனேஜரைக் கூப்பிடப் போனான். மேனேஜர் வந்து சேர்றதுக்குள்ள அப்பத்தா விட்ட பாகம் முழுசும் ஓடி முடிஞ்சிருச்சு.