பை ஏன் மஞ்சளாக இருக்கிறது?

"மேடம், பை மஞ்சளா இருக்கே, எனக்குக் காமாலை ஏதும் இருக்கா?"

2020 ஆகஸ்ட் மாதம். கொரோனாவிலிருந்து மீண்டு, மற்ற கொரோனா நோயாளிகளுக்கு ஏற்றுவதற்காகப் பிளாஸ்மா கொடுக்க வந்திருந்த தம்பி, சாப்பாடு டெலிவரி செய்பவர், ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரிக்கும் மெஷினில் தொங்கிய பையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார். சென்னையில் ஒரு ரத்த வங்கியில் 14 வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். அந்த ஒரு வருடத்தில் என்னிடம் வந்த கேள்விகள் மற்ற வருடங்கள் எல்லாம் சேர்ந்தாலும் வந்திருக்காது.

காமாலை இல்லை தம்பி, பிளாஸ்மாவின் நிறமே அதுதான் என்றேன். ரத்தத்தில் சுமார் 55 சதவீதம் இந்த வைக்கோல் நிற நீர்தான். அதில் பெரும்பகுதி தண்ணீர், மிச்சம் புரதமும் உப்பும். ரத்தம் உறைவதற்கும் நோயை எதிர்ப்பதற்கும் வேண்டிய புரதங்கள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன. வரும் முன் பிரியாணி சாப்பிட்டிருந்தால் இதே பை பால் கலந்த மாதிரி வெளுத்துப் போகும், அது கொழுப்பு, அந்தப் பையைப் பெரும்பாலும் ஒதுக்க வேண்டியதுதான். வெறும் வயிற்றோடு வராதீர்கள், எண்ணெய்ப் பண்டமும் வேண்டாம், நாலு இட்லி போதும் என்று போனிலேயே சொல்லிவிடுவோம்.

மெஷினைப் பார்த்ததும் நிறைய பேருக்கு ஒரு பயம் வரும், ஆனால் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுவார்கள்: அடுத்தவர் ரத்தம் என் உடம்பில் ஏறிவிடுமோ? நான் அவர்கள் கண் முன்னாலேயே புது கிட்டைப் பிரிப்பேன். ஊசி, குழாய், சுழலும் கிண்ணம், பை எல்லாமே அந்த ஒரு கிட்டுக்குள். ரத்தம் அதைத் தாண்டி மெஷினில் எந்த இடத்தையும் தொடாது, வேலை முடிந்ததும் கிட் மொத்தமும் குப்பைக்குப் போய்விடும். சிவப்பணுக்கள் அவர்களுக்கே திரும்பிப் போகின்றன, நாம் எடுப்பது ஒரு தடவைக்கு 500 மில்லிக்கு மிகாத பிளாஸ்மா மட்டும். நீர் ஓரிரு நாளில் ஈடாகிவிடும், புரதம் தேற இன்னும் சில நாள் ஆகும். அதனால்தான் இரண்டு முறைக்கு நடுவில் குறைந்தது 48 மணி நேரம், வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் கூடாது, வருடத்துக்கு 24 தான் என்று நம் நாட்டில் விதி வைத்திருக்கிறார்கள்.

பாதியில் அந்தத் தம்பி உதட்டைத் தடவ ஆரம்பித்தார். எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கு என்றார். குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட் திரும்பும் ரத்தத்தோடு கொஞ்சம் உள்ளே போய் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், அதன் வேலை இது. வேகத்தைக் குறைத்து, மெல்லுகிற கால்சியம் மாத்திரை ஒன்று கொடுத்தேன், ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. தயவுசெய்து இதை மட்டும் மறைக்காதீர்கள், தைரியசாலி மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை.

"எவ்வளவு தருவீங்க?" என்று கேட்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் பிளாஸ்மா கொடுப்பவர்களுக்குப் பணம் தருகிறார்கள் என்று எங்கேயோ பார்த்திருப்பார்கள், அது உண்மைதான். இங்கே உச்ச நீதிமன்றம் 1996-இல் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பதற்குத் தடை. ஜூஸும் பிஸ்கட்டும்தான் கிடைக்கும் என்று நேராகச் சொல்லிவிடுவேன்.

அப்புறம் அந்த டீச்சர் அம்மா. இரண்டு பஸ் மாறி வந்திருந்தார், உடம்பு, எடை, ஹீமோகுளோபின் எல்லாம் பொருந்தியது, இரண்டு பிள்ளைகள் என்று சொன்னதும் நான் பேனாவைக் கீழே வைத்தேன். கர்ப்ப காலத்தில் சில பெண்களின் ரத்தத்தில் வேறொருவரின் வெள்ளை அணுக்களை எதிர்க்கும் பொருள் உருவாகியிருக்கும். தாய்க்கு அதனால் ஒன்றும் இல்லை, ஆனால் பிளாஸ்மா ஏற்றிக்கொள்பவரின் நுரையீரலை அது மோசமாகப் பாதிக்கலாம், ஏற்கெனவே மூச்சுக்குத் திணறும் கொரோனா நோயாளிக்கு அந்த ஆபத்தை வைக்க முடியாது. இதையெல்லாம் சொன்னேன். "பிள்ளை பெத்தா இதுக்குக்கூட லாயக்கில்லையா?" என்று கேட்டார். குறை உங்களிடம் இல்லை அம்மா என்பதைத் தவிர எனக்கு வார்த்தை வரவில்லை, இன்றைக்கும் வந்திருக்காது.

இவ்வளவு கேள்வி கேட்டார்கள், "இது வேலை செய்யுமா?" என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நாங்களும் செய்யும் என்று நம்பித்தான் ராத்திரி பகலாக எடுத்தோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு அந்த அக்டோபரில் வெளியானது. பிளாஸ்மா ஏற்றியதால் சாவும் குறையவில்லை, நோய் முற்றுவதும் குறையவில்லை. 2021 மே மாதம் சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்தே பிளாஸ்மாவை எடுத்துவிட்டார்கள். அந்த வாரமே தம்பி போன் செய்தார். "அப்போ நான் கொடுத்தது வீணா மேடம்?"

ஆமாம் என்று சொல்லவும் மனசில்லை, இல்லை என்று பொய் சொல்லவும் முடியவில்லை. கொரோனாவுக்கு அது பெரிதாக உதவவில்லை, ஆனால் நீங்கள் எல்லாம் கொடுத்ததால்தான் அது உதவாது என்பதே உறுதியாகத் தெரிந்தது, இல்லாவிட்டால் இன்னும் எத்தனை குடும்பம் பிளாஸ்மாவுக்காக ஊரெல்லாம் அலைந்திருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். வேறு எதுக்கெல்லாம் பிளாஸ்மா ஏத்துவாங்க என்று கேட்டார். பிரசவத்தில் நிற்காத ரத்தப்போக்கு, விபத்து, கல்லீரல் கெட்டு ரத்தம் உறையாமல் போகிறவர்கள் என்று சொன்னேன். இதற்கு மெஷினில் படுக்கக்கூட வேண்டாம், சாதாரணமாக ரத்த தானம் செய்தாலே போதும், அந்த 350 மில்லியிலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்து மைனஸ் 30 டிகிரியில் உறைய வைத்தால் ஒரு வருடம் வரை இருக்கும்.

அடுத்த மாதம் ஹெல்மெட்டோடு வந்து நின்றார். படுத்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "இன்னைக்கும் உதட்டுல எறும்பு ஊருமா மேடம்?"

ஊராது என்றேன்.