வேலும் வேலையும்: படத்தொகுப்பு நாட்குறிப்பு

2025 பிப்ரவரி 10, திங்கள்

நாளை தைப்பூசம். இறுதியாண்டு ஆவணப்படத்துக்காக கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறி மாலையிலேயே பத்துமலைக்கு வந்துவிட்டேன். ஆற்றில் முழுகி எழுந்தவர்கள் ஈர வேட்டியோடு கரையில் நிற்க, மூன்று பக்கமும் உருமி அதிர, என் ஒலிவாங்கியில் பேச்சு எதுவும் தெளிவாக விழவில்லை. பக்தர் ஒருவருக்கு அலகு குத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்க்காமலேயே பின்பக்கம் கையை நீட்டி, "அந்த வேலக் குடு தம்பி" என்றார். நெரிசலில் கேமராவைக் கீழே இறக்க முடியாததால் அவர் முகம் மட்டுமே பதிவாயிற்று. நீட்டிய கையும், அதில் வைக்கப்பட்ட விரல் நீள வேலும் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டன.

பிப்ரவரி 13, வியாழன்

உருமிச் சத்தத்தில் பேச்சு அமுங்கிவிடுவதால் தமிழ்ப் பேச்சுக்கே தமிழில் சப்டைட்டில் போட வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் வைத்திருக்கும் அளவையே எடுத்துக்கொண்டு, ஒரு வரிக்கு 42 எழுத்து என்று மென்பொருளில் வரம்பு வைத்தேன். ஆனால் நாம் எழுத்து என்று சொல்வதும் கணினி எழுத்து என்று எண்ணுவதும் ஒன்றல்ல. 'க்' நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கோ ககரம் ஒன்று, மேலே வைத்த புள்ளி ஒன்று என இரண்டு. 'வேலை கொடு' என்று எழுதினால் 9 காட்டுகிறது, 'வேலைக் கொடு' என்று எழுதினால் 11. பெரியவர் அதற்கு முன் சொன்ன "ஆடாம நில்லுப்பா, மூச்ச இழு விடு" என்பதையும் அதே வரியில் அடக்க நினைத்து, 'அந்த'வை எடுத்தேன், 'தம்பி'யை எடுத்தேன், கடைசியில் ககர ஒற்றையும் எடுத்தேன். அப்போது அது பெரிய குற்றமாகப் படவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 15, சனி

மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்து, தமிழைப் பிற்பாடு அம்மாவிடம் கற்றுக்கொண்ட வகுப்புத்தோழியிடம் முதல் வெட்டைக் காட்டினேன். எழுத்துக்கூட்டி வாசிப்பவள் என்பதால்தான் அவளைக் கேட்டேன். பெரியவரின் முகம் வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, "இவரு யாருகிட்ட வேலை கேட்குறாரு?" என்றாள். சிரித்துவிட்டேன், ஆனால் சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. 'ஐ' உருபு வெளிப்படையாக வந்தால் அடுத்து வரும் க, ச, த, ப முன் வல்லினம் மிகும் என்பதை ஐந்தாம் படிவத்தில் மனப்பாடம் செய்து, தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கியவள் நான். வேல் என்னும் ஆயுதம் உருபேற்றால் 'வேலைக் கொடு'; உத்தியோகம் உருபில்லாமல் நின்றால் 'வேலை கொடு'. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு புள்ளி வைத்த ககரம். இலக்கணப் புத்தகத்தைத் திறந்தே பார்த்திராத அந்தப் பெரியவரின் நாக்கு அதைப் பிசகாமல் அழுத்தியிருக்கிறது. ஒலிப்பதிவை மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

விரிவுரையாளர் ஐயா, படம் காட்டுவதை எழுத்து மறுபடி சொல்லத் தேவையில்லை என்று பாடம் எடுப்பவர். சந்திப்பிழைக்காகப் பார்வையாளர் யாரும் குழம்பிப்போவதில்லை, படம் காப்பாற்றிவிடும் என்றார். பிரிக்ஃபீல்ட்ஸ் வழியாக வீடு திரும்பும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். துன் சம்பந்தன் சாலையோரம் 'பூ கடை' என்று ஒற்றில்லாமல் எழுதிய பலகையின் கீழே மல்லிகைச் சரங்கள் தொங்குகின்றன. அங்கே யாரும் தடுமாறப் போவதில்லை, ஐயா சொல்வது அந்தப் பலகைக்கு முழுக்கப் பொருந்தும். (எனக்குக் கண் உறுத்தத்தான் செய்கிறது, அது வேறு.) என் காட்சியிலோ வேல் இல்லை. வேல் சட்டகத்துக்குள் இருந்திருந்தால் படமே பொருளைச் சொல்லியிருக்கும். அது வெளியே போனதால் அந்தப் பொறுப்பு முழுவதும் ஒற்றின் தலையில் விழுந்திருக்கிறது. ஆகவே எந்தச் சட்டகத்தில் எது தெரிகிறது என்று பார்க்காமல், ஒற்று வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ பொதுவாகச் சொல்வதில் எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை. ஆனாலும் வரிக்கு வரி நிறுத்தி முடிவெடுக்க நேரமில்லாதவர் ஒற்று வர வேண்டிய எல்லா இடத்திலும் அதைப் போட்டுவிடுவதே பிழைக்கும் வழி.

இரவில் இன்னொன்றும் தோன்றியது. தொல்காப்பியம் எழுத்தை ஒலிக்கும் நேரமான மாத்திரையைக் கண்ணிமைப்பாலும் கைந்நொடியாலும் அளக்கிறது. மெய்யெழுத்துக்கு அதில் அரை மாத்திரை. நொடிக்கு 25 சட்டகம் என்று வெட்டிக்கொண்டிருக்கும் எனக்கு, எழுத்தையும் இமையால் அளந்திருக்கிறார்கள் என்பது இன்றைக்குத்தான் உறைத்தது. ஒன்றரை நொடியே நிற்கும் அந்த வரியை இரண்டு நொடியாக நீட்டி, ஒற்றைத் திரும்ப வைத்தேன். முன்வாக்கியத்தைத் தனி வரியாகப் பிரித்ததில் 'அந்த'வும் 'தம்பி'யும் கூடத் திரும்பி வந்துவிட்டன.

பிப்ரவரி 21, வெள்ளி

பெரியவரைத் தேடிப் போய்க் கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு வாசித்தார். தம் வரி வந்ததும், "நான் குடுன்னுதானே சொன்னேன், நீ என்னம்மா கொடுன்னு போட்டிருக்க?" என்றார். எழுத்துத்தமிழுக்காக மாற்றினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் முந்தைய வரியில் 'நில்லுப்பா' என்று அவர் சொன்னபடியே விட்டுவிட்டு இதை மட்டும் ஏன் திருத்தினேன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து 'வேலைக் குடு' என்று மாற்றினேன். கணினி அதற்கும் 11 என்றுதான் காட்டியது.