25 மடங்கு ஸ்கோப்பை ஏன் விற்றேன்

போன ஜூன் மாதம், நியூசிலாந்தில் டெகாபோ ஏரிக்கு வடக்கே காட்லி பள்ளத்தாக்கில் ஒரு கிடா வரையாட்டைச் சுட்டேன். தூரம் 340 மீட்டர். துப்பாக்கி உதைத்து அடங்கியபோது, மேலே பொருத்திய ஸ்கோப்புக்குள், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கிக்குள், வெறும் பாறைதான் தெரிந்தது. ஆடு விழுந்ததா, ஓடியதா, ஒன்றும் புரியவில்லை. ஸ்கோப்பை 25 மடங்கு உருப்பெருக்கத்தில் வைத்திருந்தேன். அந்த மடங்கில் 100 மீட்டரில் தெரியும் அகலமே சுமார் ஒன்றரை மீட்டர்தான். 340-ல் ஐந்து மீட்டர். சரிவு முழுக்க ஒரே சாம்பல் நிறக் கல்.

இரண்டு மணி நேரம் தேடி, இருட்டுகிற நேரத்தில் கண்டுபிடித்தேன். உயிர் இருந்தது. இன்னொரு குண்டு செலவானது. அவ்வளவு நேரம் அது துடித்தது என் தேர்வால்தான்.

நீலகிரி வரையாட்டை மாநில விலங்காக வைத்திருக்கும் ஊரில் பிறந்தவன் இதையா எழுதுவது என்று சிலருக்குத் தோன்றும். நியூசிலாந்தில் இருப்பது இமயமலை வரையாடு. 1904-ல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டது. இங்கே அதை அடிக்கும் விலங்கு எதுவும் இல்லை, மலைச் செடிகளை மொட்டையடிக்கிறது. மொத்த எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டக் கூடாது என்று 1993-லேயே அரசு திட்டம் போட்டது. வேட்டை தேவைதான். அது சுத்தமாக நடக்க வேண்டும் என்பதே என் கவலை.

ஸ்கோப் வாங்கும்போது எல்லோரும் பெரிய எண்ணைப் பார்க்கிறோம். நானும் 5-25x56 வாங்கினேன்: 5 முதல் 25 மடங்கு வரை, முன் லென்ஸ் 56 மில்லிமீட்டர். ஒரு கிலோவுக்கு மேல் எடை. மலை ஏறும்போது தோள் சொல்லும். அதைவிட முக்கியம் வெளிச்சம். முன் லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 56-ஐ 25-ஆல் வகுத்தால் 2.2 மில்லிமீட்டர். அந்தி நேரத்தில் நம் கண்மணி அதைவிட நன்றாக விரிந்திருக்கும். ஆக, ஆடுகள் மேய வெளியே வருகிற நேரத்தில்தான் படம் மங்குகிறது. கோடையில் வேறு தொல்லை. வெயிலில் சுட்ட கல் சரிவில் கானல் அலை எழும்பும். மடங்கைக் கூட்டினால் அலையும் சேர்ந்து பெரிதாகும். 12-க்கு இறக்கினால்தான் ஆட்டின் தோள் ஒரு இடத்தில் நிற்கும்.

அப்படி இறக்கும்போது என் பழைய ஸ்கோப்பில் குறிக்கோடுகளின் கணக்கு மாறிவிடும். ரெட்டிக்கிள், அதாவது அந்தக் குறிக்கோடுகள், பின் குவியத் தளத்தில் இருந்தன; படம் சிறிதானாலும் கோடுகள் அதே அளவில் நிற்கும். அதனால் 25-ல் 1 மில் (100 மீட்டரில் 10 சென்டிமீட்டர்) காட்டிய இடைவெளி பன்னிரண்டரையில் 2 மில் ஆகிவிடும். காற்று குண்டைத் தள்ளும் அளவுக்கு ஒதுக்கிக் குறிபிடிக்கிற அவசரத்தில் இதையெல்லாம் யார் வகுத்துக்கொண்டிருப்பது? முன் குவியத் தளம் என்றால் கோடுகளும் படத்தோடு சேர்ந்தே பெரிதாகிச் சிறிதாகும்; எந்த மடங்கிலும் 1 மில் 1 மில்தான். குறைந்த மடங்கில் கோடு மெலிந்து போகும். ஒளியூட்டிய மையப்புள்ளி இருந்தால் சமாளிக்கலாம்.

இப்போது வைத்திருப்பது 3-18x44, முன் குவியத் தளம். கடைக்குள் ட்யூப்லைட்டில் எல்லா ஸ்கோப்பும் பளிச்சென்றுதான் தெரியும். சாயங்காலம் போய், கடைக்காரரைக் கேட்டு வாசலுக்கு எடுத்துவந்து, எதிர்த் தெரு மரத்தின் நிழலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். ஆகஸ்டில் அதே பள்ளத்தாக்கு, 310 மீட்டர், 10 மடங்கு. உதைப்பு அடங்கும் முன்பே ஆடு முன்னங்கால் மடங்கிச் சாய்வது ஸ்கோப்புக்குள் தெரிந்தது.